எந்தப் படியிலிருந்து?

பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் பாடங்களுக்கு இன்று பஞ்சமே இல்லை. கான் அகாடமியின் கணக்குகள், மத்திய அரசின் திக்‌ஷா தளம், தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி, மணற்கேணி செயலி, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் கதைகள் என்று வரிசை நீள்கிறது. இவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் ஒன்று, பிள்ளை தன் வேகத்தில் படித்துக்கொள்ளலாம் என்பது. நாற்பது பேர் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கரும்பலகையில் ஓடும் பாடத்தைத் துரத்திக் களைத்தவர்களுக்கு இது பெரிய வரமாகத்தான் தோன்றும்.

‘தன் வேகத்தில்’ என்ற அந்தத் தொடருக்குள் இரண்டு சலுகைகள் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. எவ்வளவு நேரம் எடுத்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள் என்பது ஒன்று. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து ஏறத் தொடங்கலாம் என்பது மற்றொன்று. முன்னது நேரத்தைப் பற்றியது, பின்னது இடத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றென்றே எண்ணிக்கொண்டு பாராட்டுகிறோம், திட்டம் போடுகிறோம், பணம் ஒதுக்குகிறோம். என் கணிப்பில், இந்த வகைக் கல்வி இதுவரை தந்த நன்மையில் பெரும்பங்கு இடத்திலிருந்து வந்தது. அது சறுக்கிய இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு நேரம்தான் காரணம்.

நேரத்தைப் பற்றிய யோசனை பழையது. ஒரு மாணவனுக்கு ஒரு பாடத்தைக் கற்க எவ்வளவு நேரம் தேவை, அதில் எவ்வளவு நேரத்தை அவன் உண்மையில் செலவிட்டான் என்பதுதான் கற்றலைத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஜான் கேரல் 1963-இல் எழுதினார். அதன்மேல் கட்டி எழுப்பப்பட்டதுதான் 1968-இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் சொன்ன முழுத்தேர்ச்சிக் கற்றல். அதே ஆண்டில் ஃபிரெட் கெல்லர் என்ற இன்னோர் உளவியலாளர் ‘குட்பை, டீச்சர்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய கல்லூரி வகுப்பில் விரிவுரைக்கு அதிக வேலை இல்லை. பாடம் சிறு அலகுகளாக எழுத்தில் இருக்கும். மாணவர் தன் வேகத்தில் படித்து, ஓர் அலகில் தேறிய பிறகு அடுத்ததற்குப் போகலாம். பல கல்லூரிகளில் இந்த முறை பரவியது, தேர்வில் நல்ல பலனும் தந்தது. கூடவே ஒரு நோயும் வந்தது. மாணவர்கள் தள்ளிப்போட்டார்கள். பருவம் முடியும் நேரத்தில் பல அலகுகள் மிச்சம் கிடந்தன. முறையைப் பின்பற்றியவர்களே பல இடங்களில் கெடு தேதிகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இருபது வயதுக்காரர்களுக்கே இந்தக் கதி என்றால், பதினோரு வயதுப் பிள்ளை கையில் செயலியைக் கொடுத்து ‘உன் வேகத்தில் படி’ என்றால் என்ன நடக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம். ஊகிக்க வேண்டிய அவசியமும் இப்போது இல்லை.

சல்மான் கான் 2004-இல் தன் உறவுக்காரச் சிறுமி நாடியாவுக்குத் தொலைவிலிருந்தே கணக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் கான் அகாடமி. நாடியாவின் பிரச்சினை என்ன என்பதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவள் கணக்கில் மந்தமான பெண் அல்ல. அலகு மாற்றும் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. அந்த ஒரு படி விட்டுப்போனதால் பள்ளித் தேர்வில் சறுக்கி, மெதுவாகப் படிப்பவர்களின் பிரிவுக்குத் தள்ளப்படும் நிலையில் இருந்தாள். கான் செய்த உதவி அந்த விட்டுப்போன படியைக் கண்டுபிடித்ததில்தான் தொடங்கியது. அவள் தடுமாறியபோது மறுமுனையில் ஓர் ஆள் இருந்தார், கேள்வி கேட்டார், காத்திருந்தார். பின்னாளில் கோடிக்கணக்கானோருக்குப் போய்ச் சேர்ந்தது காணொலியும் பயிற்சிக் கணக்குகளும். ஆள் போய்ச் சேரவில்லை.

விளைவு எப்படி? வாரத்துக்குச் சுமார் 30 நிமிடம் பயன்படுத்தினால் கணக்கில் நல்ல முன்னேற்றம் தெரியும் என்பது கான் அகாடமியின் பரிந்துரை. பயன்படுத்தியவர்களிடம் முன்னேற்றம் தெரிந்ததாக ஆய்வுகளும் சொல்கின்றன. லாரன்ஸ் ஹோல்ட் என்ற கல்வியாளர் 2024-இல் அந்த ஆய்வுகளின் அடிக்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். கான் அகாடமி உட்படப் பல கணக்கு மென்பொருள்களில், பரிந்துரைத்த அளவுக்குப் பயன்படுத்திய மாணவர்கள் சுமார் 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதம் பேர் கணக்கிலேயே வரவில்லை. வாரம் அரைமணி நேரம்! நம் வீடுகளில் ஒரு தொடரின் ஓர் அத்தியாயமே அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த 5 சதவீதத்தில் பெரும்பாலும் யார் இருப்பார்கள் என்பதற்கு ஆய்வு வேண்டாம். ஏற்கெனவே படிக்கும் பழக்கமுள்ள பிள்ளை, மாலையில் பக்கத்தில் உட்காரும் பெற்றோர், தனக்கென ஒரு மேசை. எல்லோருக்கும் திறந்த கதவு வழியாக இப்படித்தான் முன்வரிசைக்காரர்களே முதலில் நுழைகிறார்கள்.

தமிழ்நாட்டில் இதைப் பேசும்போது நாம் மறந்துவிடும் ஒன்று உண்டு. செல்பேசிக்கு முன்பே இங்கே அவரவர் வேகக் கல்வி அட்டையில் நடந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில் மாநகராட்சி ஆசிரியர்கள் ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்தார்கள். ரிஷி வேலியின் அட்டைகள் சுற்றுவட்டக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவானவை. ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு என்ற நெருக்கடிக்கு விடை தேடியவை. அது சென்னைக்கு வந்து, 2007-ஐ ஒட்டி மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது.

வகுப்பறையின் முகமே மாறியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் கைக்கு எட்டும் கரும்பலகை, தலைக்கு மேலே அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், அலமாரியில் தட்டுத் தட்டாக அட்டைகள், சுவரில் பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப் படம். ஒன்றிலிருந்து நான்காம் வகுப்புவரை கலந்து உட்காருவார்கள். பிள்ளை வந்ததும் தன் வருகையைத் தானே பதியும். ஏணியில் தான் எங்கே இருக்கிறோம் என்று பார்க்கும். அதற்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் உதவி வேண்டிய குழுவிலோ, சக மாணவர் உதவும் குழுவிலோ, தனியே செய்யும் குழுவிலோ போய் உட்காரும்.

இதன் மிகப்பெரிய பலம் செங்கல் சூளைக்குப் போய்வரும் குடும்பங்களின் பிள்ளைகளிடம் தெரிந்திருக்கும். வழக்கமான வகுப்பில், தை பிறந்தபின் பெற்றோருடன் சூளைக்குப் போய் மழைக்கு முன் திரும்பும் பிள்ளைக்குப் பாடம் எங்கோ போயிருக்கும். அது எழுந்து நின்று, தெரியாது என்று சொல்லி, உட்கார்ந்து, சில வாரங்களில் வராமலே போய்விடும். அட்டை முறையில் அந்தப் பிள்ளைக்கான அட்டை அதே தட்டில் இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அவமானம் இல்லை. நம் பள்ளிக் கல்வியில் நடந்த மிக நாகரிகமான ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று என்று எழுத எனக்குத் தயக்கமில்லை.

குறைகளும் அதே ஏற்பாட்டின் உள்ளிருந்துதான் வந்தன. முப்பது பிள்ளைகள் முப்பது அட்டையில் இருந்தால், ஆசிரியரின் முழு உதவி தேவைப்படும் பிள்ளைகள் காத்திருக்க வேண்டும். வேகமாகப் போகிறவர்களுக்கு உதவி அதிகம் தேவைப்படாது. மெதுவாகப் போகிறவர்கள் ஆசிரியர் தங்கள் பக்கம் திரும்பும்வரை கையில் அட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். வேகத்தை அவரவரிடம் விட்டபோது, தாமதம் யாருக்கு நேரும் என்பதும் தீர்மானமாகிவிட்டது. அட்டையை முடிப்பதே படிப்பு என்ற மனநிலை வேறு ஒட்டிக்கொள்கிறது. வகுப்பு முழுவதும் ஒரே கதையைக் கேட்டுச் சேர்ந்து சிரிப்பது, ஒரு பிள்ளையின் தவறான விடையை எல்லோருமாக அலசுவது, இதெல்லாம் அட்டைகளுக்கு நடுவே இடம் இழந்தன. ஏணியின் படிகளை அடுக்கியவர் வேறொருவர். வேகம் மட்டும்தான் பிள்ளையுடையது, பாதை இல்லை.

இதைவிடக் கடுமையான சிக்கல் ஏணியின் உச்சியில் இருந்தது. தொடக்கப் பள்ளி முடிந்து ஆறாம் வகுப்புக்குப் போனால் அங்கே அவரவர் வேகம் கிடையாது. புத்தகம், பாடவேளை, அரையாண்டு, முழு ஆண்டு. இரண்டாம் வகுப்புப் படியில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்த பிள்ளையும் ஒரு ஜூன் மாதத்தில் ஆறாம் வகுப்பில் உட்கார்த்தப்பட்டது. வேகத்துக்கு நாம் தந்த மரியாதைக்குக் காலவரையறை இருந்தது. அதைப் பிள்ளையிடம் யாரும் சொல்லவில்லை.

செயல்வழிக் கற்றல் பின்னாளில் எளிமையாக்கப்பட்டது, பிறகு மெல்ல ஒதுங்கியது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஆசிரியர் கையேடு நாள்வாரியாக என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அதாவது தனித்தனி வேகம் போய்விட்டது, நிலை தங்கிவிட்டது. தரவுகளைச் செயலியில் ஏற்றுவதற்கே நேரம் போகிறது என்ற ஆசிரியர்களின் புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இரண்டு சலுகைகளில் எதை வைத்துக்கொண்டு எதை விட்டார்கள் என்று பார்த்தால், தேர்வு சரியானதுதான் என்பேன்.

அப்படிச் சொல்ல எனக்குத் துணை நிற்பது தில்லியில் நடந்த ஓர் ஆய்வு. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் செய்து 2019-இல் வெளியிட்டது. மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பயன்படுத்தும் மாலைநேர மையங்களில், பெரும்பாலும் 6 முதல் 9-ஆம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்குக் குலுக்கல் முறையில் இலவச இடம் தந்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37 திட்ட விலக்கம் (மதிப்பெண்களின் பரவலை அளக்கும் அலகு), இந்தியில் 0.23 திட்ட விலக்கம் முன்னேற்றம். இத்தனை குறுகிய காலத்தில் இது பெரிய எண். அதைவிட முக்கியம், தொடக்கத்தில் அவர்கள் கண்ட நிலவரம். ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாகக் கணக்கில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. மையத்துக்குப் போகாத பிள்ளைகளில் கடைசி மூன்றில் ஒரு பங்கினர், பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தும் அந்தக் காலத்தில் அளக்கத்தக்க முன்னேற்றம் எதையும் காட்டவில்லை.

மென்பொருள் பிள்ளையைச் சோதித்து, அது நிற்கும் படியிலிருந்து கணக்குக் கொடுத்தது. எட்டாம் வகுப்புச் சிறுவனுக்கு நான்காம் வகுப்புப் பின்னம் வந்தது. நேரத்தை மட்டும் பிள்ளையிடம் விடவில்லை. வாரம் ஆறு நாள், நாளுக்கு 90 நிமிடம், அதில் பாதி கணினியில், பாதி ஒரு பயிற்றுநருடன் குழுவாக. வர வேண்டிய நேரம் குறித்தது, உட்கார வேண்டிய இடம் குறித்தது, பக்கத்தில் ஆள் உண்டு. வெற்றிக்கான புகழை மென்பொருளுக்கு எழுதுகிறார்கள். நான் அந்தக் கால அட்டவணைக்கும் பாதியாவது எழுதுவேன்.

இதற்கு நேர்தலைகீழான ஏற்பாடு நம் பாடநூலில் இருக்கிறது. 2018-இல் தொடங்கி வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிட்டார்கள். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கோடு எட்டாம் வகுப்புக் காணொலிக்கு அழைத்துப் போகிறது. நிறுத்தலாம், திரும்பப் பார்க்கலாம், இரவு பதினோரு மணிக்கும் பார்க்கலாம். நேரம் முழுக்கப் பிள்ளை கையில், இடம் வகுப்போடு பூட்டப்பட்டது. வகுத்தலே வராத பிள்ளைக்கு இயற்கணிதக் காணொலியைப் பத்து முறை ஓட்டினாலும் பத்து முறையும் அதே இடத்தில் புரியாது. மணற்கேணி பாடத்திட்டத்தை வகுப்பாகப் பார்க்காமல் கருத்துக் கருத்தாகப் பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறது. நல்ல திசை. ஆனாலும் தான் எந்தக் கருத்தில் சறுக்கினோம் என்று அறிந்து தேடும் வேலை பெரிதும் பிள்ளையுடையதே. அது தெரிந்த பிள்ளைக்குப் பாதி வைத்தியம் ஆகிவிட்டது.

கொரோனா காலத்தில் இந்த ஏற்பாடு பெரிய அளவில் சோதிக்கப்பட்டது, யாரும் திட்டமிடாமலே. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. இடையில் கல்வித் தொலைக்காட்சியும் காணொலிகளும் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தன. அவற்றைத் தயாரித்த ஆசிரியர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2021 டிசம்பரில் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், 2019-இல் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கில் 0.73 திட்ட விலக்கமும் மொழியில் 0.34-உம் பின்தங்கியிருந்தார்கள். பிறகு ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாலையில் தெருவிலோ திண்ணையிலோ கூடத்திலோ ஒரு தன்னார்வலர் அக்கா இருபது பிள்ளைகளை உட்காரவைத்து ஒன்று, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். பளபளப்பான தொழில்நுட்பம் ஏதுமில்லை. பிள்ளைகள் குறித்த நேரத்துக்கு வந்தார்கள், எங்கே திணறுகிறார்கள் என்று ஒருவர் பார்த்தார். அவருக்கு மாதம் கிடைத்த ஊக்கத்தொகை 1,000 ரூபாய். வெட்கப்பட வேண்டிய தொகை.

இலவசம் என்ற சொல்லைப் பற்றியும் இங்கே கொஞ்சம். பாடம் இலவசம்தான். செல்பேசி அப்பாவுடையது, அவர் இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து வருவார். 2021-இல் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் அமைப்பு கிராமப்புற இந்தியாவில் தொலைபேசி வழியாக எடுத்த கணக்கில், பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் 67.6 சதவீதத்தினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அப்படி இருந்த வீடுகளிலும் நான்கில் ஒரு பிள்ளைக்கு அது கைக்கே கிடைக்கவில்லை. அண்ணன், தங்கை இருவருக்கும் ஒரே போன் என்றால் யாருக்கு முதலில் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவரவர் வேகம் உண்மையிலேயே பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது. கதை வாசிப்பு. 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் கிடைக்கின்றன, யாரும் பதிவிறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று பிரித்துத் தந்தது. இங்கே யாரும் கெடு வைக்கத் தேவையில்லை. அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்ற ஆவலே பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும். ‘ஓடு’வில் இருக்கும் பிள்ளை ‘நட’ புத்தகத்தைத் திரும்ப எடுத்தால் அது பின்னடைவு ஆகாது, ஆசை. பின்னத்தைப் பெருக்கும் கணக்குக்கு அந்த இழுப்பு கிடையாது. எத்தனை நட்சத்திரமும் பதக்கமும் திரையில் மின்னினாலும் நாலாவது நாள் சலித்துவிடும். அல்லது நான்கு விடைகளையும் மாற்றி மாற்றி அழுத்திப் பதக்கத்தை மட்டும் வாங்கும் கலையைப் பிள்ளை கற்றுக்கொள்ளும். கதைக்குத் தரும் சுதந்திரத்தைக் கணக்குக்கும் அப்படியே தர முடியும் என்று நம்பியதில்தான் பல திட்டங்களின் கோளாறு தொடங்குகிறது.

இடத்திலிருந்து தொடங்குவதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதையும் தில்லி ஆய்வு மறைக்கவில்லை. ஆய்வாளர்கள் வைத்த தேர்வில் கணக்கில் பாய்ந்து முன்னேறிய பிள்ளைகள், பள்ளி வைத்த கணக்குத் தேர்வில் அப்படி முன்னேறவில்லை. இந்தியில் மட்டும்தான் பள்ளி மதிப்பெண்ணும் கூடியது. காரணம் எளிது. மையத்தில் பிள்ளை கற்றது நான்காம் வகுப்புப் பின்னம், பள்ளி கேட்டது எட்டாம் வகுப்புச் சமன்பாடு. நம் ஊரில் என்றால், முதல் பருவத் தேர்வு முடிந்ததுமே “மார்க் ஏறலையே, எதுக்குப் போறான்?” என்று வீட்டில் கேட்பார்கள். டியூஷன் மாற்றிவிடுவார்கள். பிள்ளைக்கு நிஜமாக உதவும் பாடம், மதிப்பெண்ணில் தெரிய இரண்டு மூன்று ஆண்டு எடுக்கலாம். அவ்வளவு பொறுமையை நாம் பெற்றோரிடம் எதிர்பார்ப்பது நியாயமா என்று தெரியவில்லை, அவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கண்ணெதிரே நிற்கிறது. பள்ளித் தேர்வே பிள்ளை ஏறிய படிகளை எண்ணிச் சொல்லாதவரை, இந்த இலவசப் பாடங்களில் சிறந்தவைகூட வீட்டுக்காரர்களின் நம்பிக்கையைப் பெறாது.

அதுவரை செய்யக்கூடிய சிறு வேலைகள் உண்டு. எட்டாம் வகுப்பு இயற்கணித அத்தியாயத்தின் தலைப்பில் இருக்கும் கோடு பாடக் காணொலிக்குப் போவதற்கு முன், ஆறு கணக்குகளைக் கேட்கட்டும். மூன்றாவதில் தவறினால் ஐந்தாம் வகுப்பின் பின்னத்துக்கும், இரண்டாவதிலேயே தவறினால் நான்காம் வகுப்பின் வகுத்தலுக்கும் அனுப்பட்டும். அந்தக் காணொலிகள் ஏற்கெனவே எடுத்துக் கிடக்கின்றன. பள்ளி முடிந்து நாலரை முதல் ஐந்தரை மணிவரை கணினி அறையைத் திறந்துவைத்து, ஓர் ஆளை உட்காரவைத்து, அவருக்கு மாதம் 1,000 ரூபாயைவிடக் கண்ணியமான ஒரு தொகை கொடுத்தால் போதும்.